நீலம் வராத குழாய்கள்

அன்று காலையும் பரிசோதனைக் குழாய்கள் வெள்ளையாகவே இருந்தன. தாங்கியோடு தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பாலில் நிறையத் தண்ணீர் ஊற்றிய மாதிரி ஒரு கலங்கல். நீலம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏழு மாதமாக வரவில்லை.

நோட்டுப் புத்தகத்தில் திகதியைப் போட்டு, பக்கத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். முந்தின பக்கத்திலும் அதே சொல். அதற்கு முந்தின பக்கத்திலும் அதுதான். ஆரம்பத்தில் ‘நிறமாற்றம் எதுவும் அவதானிக்கப்படவில்லை’ என்று முழு வாக்கியமாக எழுதிக்கொண்டிருந்தேன். எப்போது அது ஒரு சொல்லாகச் சுருங்கியது என்று எனக்கே நினைவில்லை.

அப்பா போனில் கோல் எடுத்தது அப்போதுதான்.

“புள்ள, கத்தரியெல்லாம் தலையத் தொங்கப் போட்டுருச்சு. நேத்து காலையில நல்லாத்தான் நின்னுச்சு. தண்ணி ஊத்திப் பாத்துட்டேன், நிமிர மாட்டேங்குது. நீ இதத்தானே படிக்கிற? ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ.”

இலை பச்சையாக இருக்கிறதா, மஞ்சளாகிவிட்டதா என்று கேட்டேன். பச்சையாகவே இருக்கிறது, ஆனால் துணி மாதிரித் துவண்டு கிடக்கிறது என்றார். அதற்குமேல் நான் கேட்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை. என்னவென்று தெரிந்துவிட்டது. என் குழாய்களுக்குள் ஏழு மாதமாகச் சும்மா கிடக்கும் அதே பக்டீரியா, அப்பாவின் கத்தரிப் பாத்திக்குள் சும்மா கிடக்கவில்லை.

கொடகவெலைக்குக் கீழே, தேயிலையும் றப்பரும் கலந்த தோட்டமொன்றில்தான் எங்கள் லயம், தொழிலாளர்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடு. அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் றப்பர் பால் வெட்டினவர். ஓய்வு பெற்ற பிறகு லயத்துக்குப் பின்னால் இருந்த சரிவைத் திருத்தி, கல் அடுக்கி, பாத்தி கட்டி, கத்தரி போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவருடைய கத்தரிக்காய்க்கு ஆள் இருந்தது. அம்மா அப்போது வீட்டில் இல்லை. எஹலியகொடவில் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்ததால் அங்கே போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த இரண்டு மாதமும் அப்பாவுக்குப் பேச்சுத் துணை அந்தச் செடிகள்தான் என்று நினைக்கிறேன். போனில் எப்போதும் அவற்றைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் வேலை செய்தது மலையடிவாரத்தில் இருக்கும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில். என்னை மேற்பார்வை செய்த மேடம், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சிங்களப் பெண்மணி. கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் வாட வைத்துக் கொல்லும் பக்டீரியாவைப் பற்றித்தான் எங்கள் ஆய்வு. அது மண்ணிலும் தண்ணீரிலும் வருஷக்கணக்கில் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் கிடக்கும். வேரின் கலச்சுவரை, அதாவது செல்லின் சுவரை, தொட்டவுடன் அதன் குணம் மாறிவிடும். அதன் வெளித்தோலில் இருக்கும் ஒரு புரதம் அந்தத் தொடுகையை உணர்ந்து உள்ளே செய்தி அனுப்பும். அந்தச் செய்தி ஒன்றிலிருந்து ஒன்றாகக் கைமாறிப் போய், அதுவரை மூடிக் கிடந்த மரபணுக்களைத் திறந்துவிடும். உடனே அது ஊசி மாதிரி ஒரு நுண்குழாயைக் கட்டி, செடியின் கலத்துக்குள் குத்தி, தன் சரக்கை இறக்கும். கலச்சுவரில் இருக்கும் எந்தப் பொருள் அந்தச் செய்தியைக் கிளப்புகிறது என்பது தெரியவில்லை. அதைத் தேடுவதுதான் என் வேலை.

மேடம் தான் படித்த இடத்திலிருந்து, அனுமதியெல்லாம் பெற்று, ஒரு விசேஷமான பக்டீரியாவைக் கொண்டுவந்திருந்தார். அதன் தாக்கும் மரபணுக்கள் திறந்தால், நாங்கள் போடும் சாயப்பொருள் நீலமாக மாறும். ஒரு குழாயில் உயிருள்ள தக்காளிக் கலங்களோடு பக்டீரியாவை விடுவேன். அது கட்டாயம் நீலமாக வேண்டும். மற்றக் குழாய்களில் கலச்சுவரை உடைத்துப் பிரித்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் போடுவேன். எது நீலமாகிறதோ அதில்தான் விடை. இந்தச் சோதனையைத் தொடங்கிய முதல் மாதம் இரண்டு தடவை செய்தபோது முதல் குழாய் அழகாக நீலமானது. அதற்குப் பிறகு நின்றுபோனது. கட்டாயம் நீலமாக வேண்டிய குழாயே வெள்ளையாக நிற்கும்போது மற்றக் குழாய்களைப் பார்த்து என்ன பிரயோசனம்?

அப்பா கூப்பிட்ட மறுநாள் பஸ்ஸேறி, பெல்மதுளையில் மாறி, மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்குப் போனேன். அப்பா பாத்தியில் நின்றார். ஏழெட்டுச் செடிகள் துவண்டிருந்தன. மற்றவை நன்றாகவே நின்றன, காயும் தொங்கியது. ஒரு செடியை அடியில் வெட்டி, தண்டில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். கண்ணாடிக் குவளையில் தண்ணீர் நிரப்பி, தண்டின் நுனி மட்டும் தண்ணீரில் முட்டும்படி பிடித்தேன். அப்பா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒன்று இறங்கியது. பிறகு இன்னொன்று. தண்ணீரின் அடிவரை போய்ப் புகையாகக் கலைந்தது.

“பாத்தீங்களா அப்பா? இது பூரா பக்டீரியா. தண்டுக்குள்ள தண்ணி ஏறுற வழிய அடச்சுருச்சு. அதனாலதான் நீங்க எவ்வளவு ஊத்துனாலும் மேல போகல.”

“சரி. மருந்து என்னா?”

“மருந்து இல்லப்பா.”

“மருந்து இல்லைன்னா?”

“அடிச்சுக் கொல்ல ஒன்னும் கிடையாது. வாடுன செடியையும் அதச் சுத்தி இருக்கிறதையும் புடுங்கி எரிக்கணும். அந்த மண்ணுல கொஞ்ச வருஷத்துக்குக் கத்தரி, தக்காளி, கொச்சிக்கா ஒன்னும் போடக் கூடாது. தண்ணி ஓடுற கானையும் திருப்பி விடணும். இங்கயிருந்து தண்ணி கீழ போனா, கீழயும் வரும்.”

அப்பா குவளையை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“இந்தச் சனியன் எங்கயிருந்து வந்துச்சு?”

“மண்ணுல முன்னாடியே இருந்திருக்கும்.”

“அப்ப இத்தன நாளா ஏன் ஒன்னும் செய்யல? இப்ப மட்டும் கத்தரி வேருன்னு அதுக்கு எப்புடித் தெரிஞ்சுச்சு? கண்ணா இருக்கு?”

“கண் இல்லப்பா. வேரத் தொட்டா அதுக்குத் தெரியும்.”

“தொட்டா என்னத்தத் தெரியும்?”

“அதத்தான் நாங்களும் தேடிக்கிட்டு இருக்கோம்.”

அவர் குவளையை மேசையில் வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

“நாலு வருஷம் படிச்ச. அதுக்கு மேல ரெண்டு வருஷமா இது ஒன்னையே படிக்கிற. மருந்து இல்லைன்னு சொல்லவா பஸ்ஸேறி வந்த?”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவர் மேல் இல்லை, அந்தக் கேள்வி நியாயமாக இருந்ததன் மேல். செடிகளைப் பிடுங்கலாம் வாங்க என்றேன். வாடினதை மட்டும் பிடுங்கலாம், காய் நிற்கும் செடியை எப்படிப் பிடுங்குவது, அடுத்த ஞாயிறு சந்தைக்குக் காய் எடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்றார். கானைத் திருப்புவதற்குத் தோட்டத்து ஃபீல்ட் ஒபிசரிடம் சொல்ல வேண்டும், நாளைக்குச் சொல்கிறேன் என்றார். நான் அங்கேயே நின்று சண்டை பிடித்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் நானே பிடுங்கிப் போட்டிருக்க வேண்டும். ஆனால் மறுநாள் காலையில் புதுக் குழாய்களைப் பார்க்க வேண்டியிருந்தது. வாடின செடிகளை மட்டும் இருவரும் பிடுங்கிச் சாக்கில் கட்டினோம். ஒரு தண்டை மட்டும் பொலித்தீனில் சுற்றி எடுத்துக்கொண்டு மாலை பஸ்ஸைப் பிடித்தேன்.

மறுநாள் குழாய்கள் வெள்ளையாகவே இருந்தன.

மேடம் வந்து பார்த்தார். எங்கள் பேச்சு எப்போதும் சிங்களமும் இங்கிலீஷும் கலந்துதான் நடக்கும்.

“தண்ணீரை மாற்றிப் பார்த்தாயா?” என்று கேட்டார்.

“மாற்றினேன் மேடம்.”

“சூடு?”

“அளந்தேன். சரியாக இருக்கிறது.”

“உறைநிலைப் பெட்டியிலிருந்து புதிதாக எடுத்துப் பார்த்தாயா? பழையதை வளர்த்துக்கொண்டே போனால் அது குணம் மாறிவிடும்.”

“மூன்று தடவை புதிதாக எடுத்தேன். நன்றாக வளர்கிறது மேடம். முன்பைவிட வேகமாகக்கூட வளர்கிறது.”

முன்பைவிட வேகமாக. அந்த வார்த்தையை என் வாயாலேயே சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நீலம் வராவிட்டாலும் பக்டீரியாவை நன்றாக வளர்க்கிறேன் என்று காட்ட விரும்பினேன். மேடமும் அதைக் கவனிக்கவில்லை. “வருஷ முடிவில் அறிக்கை கொடுக்க வேண்டும். வெள்ளைக் குழாயை எழுதிக் கொடுக்க முடியாது,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரம் அப்பா மறுபடி பேசினார். டவுனில் பயிர் மருந்துக் கடையில் ஒரு பவுடர் வாங்கிக் கரைத்து அடித்ததாகவும், செடிகள் தெளிந்த மாதிரி இருப்பதாகவும் சொன்னார். பேரைப் படிக்கச் சொன்னேன். செம்பு கலந்த பூஞ்சை மருந்து. இலையில் அடிக்கிற மருந்து தண்டுக்குள் இருப்பதை என்ன செய்யும்? சொன்னேன். “ஒன்னுமே இல்லைன்னு நீ சொல்ற. அவரு ஏதோ ஒன்னாவது குடுத்தாரு,” என்றார் அப்பா.

சனிக்கிழமை நேராக அந்தக் கடைக்குத்தான் போனேன். சண்டை பிடிக்க வேண்டும் என்றே போனேன். கடைக்காரர் முஸ்லிம் பெரியவர், சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர், எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

“இது பூஞ்சைக்கு அடிக்கிற மருந்துன்னு நான் அவருக்குச் சொன்னேன் மகள்,” என்றார். “அவர் கேக்கல்ல. ஒண்டுமே குடுக்காம அனுப்பினா அடுத்த கடைக்குப் போவார். அங்க இதவிட மோசமானதக் கட்டிக் குடுப்பாங்க. நீங்கதானே இதுல படிச்சவங்க? நீங்க ஒரு மருந்துப் பேரச் சொல்லுங்க, நான் கொழும்புலயிருந்து எடுத்துத் தாறேன்.”

கையை மேசையில் வைத்துக்கொண்டு உண்மையாகவே காத்திருந்தார். கடைக்குள் கொண்டுபோன கோபத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்குப் போனபோது பாத்தியில் பாதிக்கு மேல் துவண்டிருந்தது. காய்கள் சின்னதிலேயே சுருங்கியிருந்தன. கானைத் திருப்பினீங்களா என்று கேட்டேன். ஃபீல்ட் ஒபிசரைப் பார்க்கக் கிடைக்கவில்லை என்றார். அந்த வாரம் முழுவதும் மழை. பாத்திக்குள் இறங்கிய தண்ணீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு கானில் விழுந்து, சிவப்பாகக் கீழ் லயத்துப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கீழ் லயத்தில் எங்களுக்கு நேர் கீழே ஒரு அக்கா இருந்தார். கொழுந்து பறிக்கிறவர், கணவர் இல்லை. பின்னால் மிளகாயும் தக்காளியும் வைத்திருந்தார். அம்மா இல்லாத அந்த இரண்டு மாதத்தில் அப்பாவுக்குக் குழம்பு கொடுத்தனுப்பியது அவர்தான்.

அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் நான் பிடுங்க ஆரம்பித்தேன். நின்றது, வாடியது என்று பார்க்கவில்லை. அப்பா முதலில் சத்தம் போட்டார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல், கானைத் தானே வெட்டிக் காட்டுப் பக்கம் திருப்பினார். மாலையில் எல்லாவற்றையும் கூட்டி வைத்து எரித்தோம். ஈரத்தில் சரியாக எரியாமல் புகைதான் வந்தது.

திங்கட்கிழமை காலை ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது, செடி வளர்க்கும் அடைத்த அறையைத் திருத்தி முடித்திருந்தார்கள். அது பழுதாகி, பாகம் வராமல், பல மாதமாகப் பூட்டிக் கிடந்தது. மேடத்தின் பக்டீரியாவைத் திறந்த இடத்தில் செடிக்குக் கொடுக்க அனுமதியில்லை என்பதால், அதுவரை நான் குழாயை மட்டுமே நம்பியிருந்தேன். அன்றே தக்காளிக் கன்றுகளை உள்ளே கொண்டுபோனேன். அப்பாவின் கத்தரித் தண்டிலிருந்து பிரித்தெடுத்த பக்டீரியாவைச் சில கன்றுகளுக்கும், மேடத்தின் பக்டீரியாவைச் சில கன்றுகளுக்கும் வெறும் தண்ணீரில் கலந்து ஊற்றினேன். மேடத்தினுடையது பல்லுப் போய்விட்டது, ஒன்றும் செய்யாது என்றுதான் நினைத்தேன். அப்படி நிரூபித்தால் புதிதாக ஒன்றை வரவழைக்கக் கேட்கலாம்.

வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு பக்கமும் கன்றுகள் தலை சாய்ந்துவிட்டன. எந்தக் கன்று எதனால் சாய்ந்தது என்று பெயர்த் துண்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. மேடத்தின் பக்டீரியா விழுத்திய கன்று ஒன்றின் தண்டை மெல்லிசாகச் சீவிச் சாயத்தில் போட்டேன். மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்க்கும்போது சீவலின் நடுவில் நீலம் பிடித்திருந்தது.

எவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்! நானோ காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன். பக்டீரியாவில் குறையில்லை. சாயத்தில் குறையில்லை. செடிக்குள் திறக்கிற மரபணு என் குழாய்க்குள் மட்டும் திறக்காமல் இருக்கிறதென்றால், குழாய்க்குள் நான் ஊற்றுகிற திரவத்தில் ஏதோ இருக்கிறது.

இந்தப் பக்டீரியாவைப் பற்றி முதல் வாரமே படித்த பாடம் ஒன்று உண்டு. சுற்றிலும் சத்தான சாப்பாடு கிடைத்தால் அது தாக்கும் மரபணுக்களைத் திறக்காது. வேரைத் தொட்டாலும் திறக்காது. அதனால்தான் அதற்கு உப்புகளும் குளுட்டமேட் என்ற ஒரே ஒரு சத்தும் மட்டும் போட்ட வறண்ட திரவம் கொடுப்போம். அந்தத் திரவத்தைக் கரைக்கும் போத்தல்களை ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தேன். குளுட்டமேட் போத்தலைத் திறந்தேன். உள்ளே தூள் கட்டி பிடித்துக் கிடந்தது. பல மாதமாக அப்படித்தான் கிடந்தது. இந்த மழைக்கும் ஈரத்துக்கும் எதுதான் கட்டி பிடிக்காது என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் கரண்டியால் உடைத்து உடைத்து எடை போட்டிருக்கிறேன். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். சூப் தூள் மாதிரி ஒரு லேசான வாசம். குளுட்டமேட் மினுங்கும், மணக்காது.

லேபிளில் இருந்தது என் கையெழுத்து.

அப்போது எல்லாம் நினைவுக்கு வந்தது. முதல் மாதத்துப் போத்தல் முடிந்தது இறக்குமதி தட்டுப்பாடாக இருந்த காலத்தில். எதைக் கேட்டாலும் இல்லை என்ற பதில்தான் வரும். பக்கத்துத் துறையிலிருந்து இரண்டு பொதிகள் இரவல் கொடுத்தார்கள். ஒன்று எங்களுக்கான குளுட்டமேட். மற்றது எங்கள் கூடத்திலேயே வேறு ஆய்வு செய்த ஒரு தம்பிக்கு, பாலிலிருந்து எடுத்த புரதச்சத்துத் தூள். இரண்டும் வெள்ளை. இரண்டையும் கழுவிக் காய வைத்த இரண்டு பழுப்புப் போத்தல்களில் நான்தான் கொட்டினேன். கொட்டி முடித்த பிறகு லேபிள் எழுதினேன். மாற்றி எழுதியிருக்கிறேன். ஏழு மாதமாக அந்தப் பக்டீரியாவுக்கு நானே விருந்து வைத்துவிட்டு, ஏன் சண்டைக்குப் போகவில்லை என்று காத்திருந்திருக்கிறேன். அந்தத் தம்பியோ தன் பூஞ்சை சரியாக வளரவில்லை என்று அதே ஏழு மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கிடைத்தது என்னுடைய குளுட்டமேட்.

மேடத்தின் அறைக்குப் போய் நின்றபடியே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“யார் லேபிள் எழுதினது?”

“நான்தான் மேடம்.”

“ஏழு மாதம்.”

“ஓம் மேடம்.”

“வேகமாக வளர்கிறது என்று நீ சொன்னாய். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.” கழற்றிய கண்ணாடியைத் துடைத்தார். “நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்,” என்று மறுபடி சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். “அந்தப் பிள்ளையிடம் நீயே போய்ச் சொல். இன்றைக்கே சொல்.”

சொன்னேன். அந்தத் தம்பி தன் நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போனான். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

தன் போத்தலில் இருந்த நல்ல குளுட்டமேட்டையெல்லாம் அவன் முடித்திருந்தான். புதிதாக வாங்கச் சொல்லி எழுதினால் மூன்று மாதம் ஆகும். சாப்பாட்டுக் கடைகளில் ஃபிரைட் ரைஸுக்குப் போடுகிற வெள்ளை உப்பும் அதே பொருள்தான் என்பது நினைவுக்கு வந்து, சந்தியில் இருந்த பலசரக்குக் கடையில் ஒரு பைக்கட் வாங்கி வந்தேன். கரைத்து, வடித்து, மறுபடி படிகமாக்கிச் சுத்தம் செய்தேன். மேடம் பைக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதையும் அறிக்கையில் எழுத வேண்டி வரும்,” என்றார். மூன்றாம் நாள் காலை முதல் குழாய் நீலமாக நின்றது. நல்ல நீலம். நோட்டில் திகதியைப் போட்டு, பக்கத்தில் ‘நீலம்’ என்று எழுதினேன். அப்போது வந்தது சந்தோஷமா, ஆத்திரமா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

அன்று பின்னேரம் அப்பா கோல் எடுத்தார்.

“கீழ் லயத்துல கொச்சிக்கா வாடுதாம் புள்ள.”

மற்றக் கையிலிருந்த குழாயைத் தாங்கியில் வைத்தேன்.

“கானத் திருப்பிட்டோமே?” என்றார். கேள்வியாகத்தான் கேட்டார்.

“அதுக்கு முன்னாடியே போயிருக்கும்பா.”

“இப்ப கீழ் லயத்துப் புள்ளகிட்ட நான் என்னான்னு சொல்றது?”

“நான் வந்து சொல்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை கீழ் லயத்துக்கு நான் மட்டும் போனேன். அந்த அக்கா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வா, வா. நீ வருவன்னு உங்கப்பா சொன்னாரு. என்னா மருந்து அடிக்கலாம்னு சொல்லு,” என்று பின்பக்கம் கூட்டிப் போனார். மிளகாய் ஒரு வரிசை முழுவதும் துவண்டிருந்தது. தக்காளியில் இரண்டு. வரிசை எங்கள் கான் வந்து விழும் இடத்திலிருந்து ஆரம்பித்திருந்தது. பார்த்த யாருக்கும் புரியும்.

மருந்து இல்லை என்றேன். எப்படி வந்தது என்று சொல்லத் தொடங்கினேன். வேர், தொடுகை என்று ஏதோ பேசிக்கொண்டே போனேன். அவர் நடுவில் நிறுத்தினார்.

“உங்கப்பா தோட்டத்துலயும் இப்புடித்தானே வாடுச்சு? அங்கயிருந்தா வந்துச்சு?”

மண்ணில் முன்பே இருந்திருக்கலாம் என்று சொல்ல வாய்ப்பிருந்தது. அது பொய்யும் ஆகாது. ஆய்வுக்கூடத்தில் என்றால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் எழுதியிருப்பேன்.

“ஓமக்கா. அங்கயிருந்து தண்ணியில வந்திருக்கு.”

“உனக்கு எப்ப தெரியும்?”

“வாடத் தொடங்குனப்பவே தெரியும். கானத் திருப்பச் சொன்னேன். செடியெல்லாம் புடுங்கச் சொன்னேன். ஒரு வாரம் பிந்திப் போச்சு.”

“அந்த ஒரு வாரத்துல என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் என் பக்கத்துக் கான அடச்சிருப்பேனே.”

எனக்கு அது தோன்றவே இல்லை. ஆயிரம் யோசனைகள் ஓடிய அந்த வாரத்தில், பத்தடி கீழே இறங்கிப் போய் இவரிடம் ஒரு வார்த்தை சொல்வோம் என்பது ஒரு தடவைகூட வரவில்லை. அப்பாவுக்கும் வரவில்லை. மன்னிச்சிருங்கக்கா என்றேன். அவர் ஒரு மிளகாய்ச் செடியைப் பிடுங்கி, வேரைப் பார்த்து, கீழே போட்டார்.

“இப்ப என்னா நடலாம்?”

“சோளம் போடுங்க. சோளத்துக்கு இது வராது.”

“சோளத்த வச்சு நான் குழம்பு வைக்கவா?”

நான் கொண்டுபோயிருந்த சோள விதைப் பொட்டலத்தை வாசல் கட்டில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த முறை வீட்டுக்குப் போனபோது அவர் பாத்தியில் ஒன்றும் நட்டிருக்கவில்லை. அப்பாவுக்குக் குழம்பு வருவதும் நின்றிருந்தது. அதற்குள் அம்மா திரும்பி வந்திருந்ததால் அப்பா அதைப் பற்றிப் பேசவில்லை. வழியில் கண்டால் அந்த அக்கா தலையாட்டுவார். அவ்வளவுதான்.

அறிக்கைக்கு இருந்த சொச்ச நாட்களில் கலச்சுவர்த் துண்டுகளை ஒவ்வொன்றாகக் குழாயில் போட்டுப் பார்த்தேன். உயிருள்ள கலம் இருந்த குழாய் ஒவ்வொரு தடவையும் நீலமானது. துண்டுகள் போட்ட குழாய் ஒன்றுகூட நீலமாகவில்லை. எப்படி உடைத்தாலும், எதில் கரைத்தாலும், எந்தச் சேர்க்கையில் கலந்தாலும் ஆகவில்லை. கலச்சுவரில் இருக்கும் அந்தப் பொருள், சுவரை உடைக்கும்போது கெட்டுப்போகிறதோ என்னவோ. கெட்டுப்போகிறது என்று எழுதவும் ஆதாரம் இல்லை. ‘இப்பரிசோதனையில் கண்டறியப்படவில்லை’ என்று எழுதினோம். அதற்கு மேல் எழுத எங்களிடம் ஒன்றும் இல்லை. மேடம் இன்னொரு வருஷத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார்.

எங்கள் பாத்தியில் அப்பா சோளம் போட்டார். வேண்டாவெறுப்பாகத்தான் போட்டார். வளர்ந்து நின்றபோது காட்டுப்பன்றி இறங்கிப் பாதியைத் தின்றுவிட்டது. போனில் அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு திருப்தி இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

“இந்தப் பன்னிக்குச் சோளம்னு எப்புடித் தெரியும்னு இப்ப கேக்க மாட்டேன்,” என்றார். “நீ தேடிக்கிட்டு இருக்கேன்னு சொல்லிருவ.”